பிக்கப்பில் சாலிட் ஆக்ஸில்: எதை முதலில் அளப்பது, எதை எப்போது வெட்டுவது

கோலாலம்பூரைச் சுற்றி கெப்போங், செலாயாங், ரவாங் பட்டறைகளில், முன்பக்கம் வெட்டிப் போட்டபடி மாதக்கணக்கில் நிற்கும் பிக்கப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் காசு தீர்ந்ததால் நின்றவை இல்லை. அளந்து முடிக்கும் முன்பே கட்டரைப் பற்ற வைத்ததால் நின்றவை. அதனால், பிக்கப்பின் முன்பக்கத்தில் சாலிட் ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பில் இணைக்கும் ஆக்ஸில்) போடும் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது.

உதாரண வண்டி: 1997க்குப் பின் வந்த எல்என்167 தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ். முன்பக்கம் டார்ஷன் பார் வைத்த ஐஎஃப்எஸ், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு. அதைக் கழற்றிவிட்டு, முந்தைய எல்என்106இன் சாலிட் ஆக்ஸிலை லீஃப் ஸ்பிரிங்கோடு போடுகிறோம். வேறு வண்டியானாலும் வரிசை இதேதான், அளவுகள்தான் மாறும். 2005க்குப் பின் வந்த வீகோவை முதல் வேலையாக எடுக்காதீர்கள். அதில் ஸ்டீரிங் ரேக் அண்ட் பினியன். சாலிட் ஆக்ஸிலுக்கு ஸ்டீரிங் பாக்ஸ் புதிதாகப் பொருத்த வேண்டும், அதுவே தனி வேலை.

வாரம் முழுக்க பெடரல் ஹைவேயில் வேலைக்குப் போய்வந்து, எப்போதாவது ஜண்டா பாய்க்கில் ஆறு கடப்பவருக்கு இது வேண்டவே வேண்டாம். நல்ல டயரும் பின்பக்கம் ஒரு லாக்கரும் (இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி பூட்டும் சாமான்) போதும். பாறையும் பள்ளமும் உள்ள தடத்தில் அடிக்கடி ஓட்டி, சிவி ஜாயின்ட்டும் டை ராடும் (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) மாற்றி மாற்றி அலுத்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

1. காகித வேலை

சஸ்பென்ஷனையும் சேசிஸையும் மாற்றுவதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டும். வேலை முடிந்தபின் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். என்ன வரைபடம், யார் சான்று, எந்தப் பரிசோதனை தேவை என்பதை ஜேபிஜேயின் வாகனப் பொறியியல் பிரிவில் முதலிலேயே விசாரியுங்கள். வெல்டிங் முடிந்து பெயின்ட் அடித்தபின், உள்ளே எப்படிப் பற்றவைத்தீர்கள் என்று காட்ட வழியில்லை. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வையுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அனுமதி இல்லாத மாற்றத்தோடு விபத்து நடந்தால், கிளெயிமை மறுக்க அது ஒன்றே காரணமாகலாம். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால் இரண்டே வழி: வண்டியை லோரியில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோய் அங்கே மட்டும் ஓட்டுவது, அல்லது இந்த எண்ணத்தையே விடுவது.

2. ஆக்ஸில் தேடுவது

சுங்கை பூலோ, கிள்ளான் பக்கம் ஹாஃப்கட் (பழைய வண்டியை வெட்டிப் பாகமாக விற்கும்) கடைகளில் தேடலாம். கடையில் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) விலை பேசும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, டிஃப் (டிஃபரன்ஷியல், இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பகுதி) எந்தப் பக்கம் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு அடியில் படுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸின் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டியின்) முன் வெளியீடு இடமா வலமா என்று பாருங்கள். ஆக்ஸிலின் டிஃபும் அதே பக்கம் இருக்க வேண்டும். மாறி இருந்தால், இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே ஓட வேண்டிவரும். அந்த ஆக்ஸில் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, கியர் விகிதம். முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும். முன்னே 4.100, பின்னே 4.300 என்றால் மண்ணில் எப்படியோ ஓடும். பிடிப்புள்ள தரையில் ஃபோர் வீல் போட்டதும் ஒன்றை ஒன்று இழுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸைக் கொன்றுவிடும். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து மற்றதை இரண்டு சுற்று சுற்றி, பினியன் (ஷாஃப்டோடு சேரும் சிறிய பல்சக்கரம்) எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுவது வழக்கம். இரண்டு சுற்றில் 4.1க்கும் 4.3க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இருபது சுற்று சுற்றுங்கள்: ஒன்றில் பினியன் 41 முறை சுற்றும், மற்றதில் 43 முறை. டிஃபைத் திறக்க விட்டால் பல்லை எண்ணுவது இன்னும் நிச்சயம். 41க்கு 10 என்றால் 4.100, 43க்கு 10 என்றால் 4.300, 41க்கு 9 என்றால் 4.556, 39க்கு 8 என்றால் 4.875.

மூன்றாவது, அகலம். பழைய சாலிட் ஆக்ஸில் ஐஎஃப்எஸ்ஸைவிடக் குறுகலானது, ஏறக்குறைய 3 அங்குலம் குறையும். 6 போல்ட், 139.7 மி.மீ. வட்டம் என்பதால் ரிம் பொருந்திவிடும். ஆனால் முன் சக்கரம் உள்ளே வாங்கி, பின் சக்கரம் வெளியே நிற்கும். ரிம் ஆஃப்செட்டாலா, ஸ்பேசராலா, எதனால் சரிசெய்யப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது டயர் ஸ்பிரிங்கில் உரசுமா என்பது இதைப் பொறுத்தது.

விலை கேட்டதும் பட்ஜெட் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஷாஃப்ட், லேத் வேலை, பேரிங், சீல், பிரேக் ஹோஸ் எல்லாம் சேர்ந்தால் ஆக்ஸில்தான் மலிவான சாமான் என்று புரியும். அப்புறம், பத்துமலைப் பக்கப் பட்டறை என்றால் தைப்பூச வாரத்தில் ஆக்ஸிலை லோரியில் ஏற்றிவரத் திட்டம் போடாதீர்கள்.

3. ஆக்ஸிலைப் புதுப்பித்து முடிப்பது

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். ஆக்ஸிலைத் திறந்தால் ஏதாவது ஒரு பாகம் கட்டாயம் கிடைக்காது. வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது அதற்காக அலைவது கொடுமை.

நக்கிளை (ஆக்ஸில் முனையில் சக்கரத்தோடு திரும்பும் பாகத்தை) திறந்ததும் உள்ளே கருப்புக் கூழ் மாதிரி இருந்தால் உள் ஆக்ஸில் சீல் போயிருக்கிறது. டிஃப் ஆயில் வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. சீல், டிரன்னியன் பேரிங் (நக்கிள் திரும்பும் பேரிங்), வீல் பேரிங் எல்லாம் புதிது போடுங்கள். டிரன்னியன் பேரிங்கின் இறுக்கத்தை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, ஸ்பிரிங் தராசால் நக்கிளை இழுத்துப் பார்த்து, மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து “டைட்டாகத்தான் இருக்கிறது” என்று விடுவதன் விலை, பின்னால் ஸ்டீரிங் உதறும்போது தெரியும்.

ஹப் நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட் வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டாதீர்கள், அதில் பேரிங் இறுக்கத்தைச் சரியாக வைக்கவே முடியாது. நக்கிளின் ஸ்டீரிங் ஆர்மைப் பிடிக்கும் ஸ்டட்களையும் கோன் வாஷர்களையும் மாற்றுங்கள். பாறைத் தடத்தில் முதலில் தளர்வது அவைதான்.

டிஃப் பிரீதர் (உள்ளே காற்று போய்வரும்) குழாயை நீளமாக்கி எஞ்சின் அறைக்குள் உயர ஏற்றிவிடும் திட்டமும் இப்போதே இருக்கட்டும். சூடான டிஃப் ஆற்றில் இறங்கிக் குளிர்ந்ததும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் உறிஞ்சும்.

4. அளவெடுப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் ஐஎஃப்எஸ்ஸைக் கழற்றிய பிறகு, சக்கரம் எங்கே இருந்தது என்று சொல்ல வண்டியில் எதுவும் மிச்சமிருக்காது.

சமமான சிமென்ட் தரையில், காற்று சரியாக வைத்த டயரோடு வண்டியை நிறுத்துங்கள். வின்ச், இரும்பு பம்பர், இரண்டாவது பேட்டரி என்று கடைசியில் போடப் போகிற எல்லா எடையும் இப்போதே வண்டியில் இருக்கட்டும். பிறகு இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை, இரண்டு பக்கமும். ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரம், நான்கு சக்கரத்திலும். சேசிஸின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம், முன்னும் பின்னும். சேசிஸ் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது.

அடுத்து, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன் ஹப் மையத்திலிருந்து நூலை இறக்கித் தரையில் புள்ளி வையுங்கள். சேசிஸில் தொழிற்சாலை போட்ட, இரண்டு பக்கமும் ஒத்த துளைகளிலிருந்தும் அதேபோல் இறக்குங்கள். சாக்பீஸ் அழியும். ஆணியால் கீறி, சுற்றி பெயின்ட் அடித்துவிடுங்கள். இனி ஆக்ஸில் நேராக இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்ற கேள்விக்கெல்லாம் இந்தப் புள்ளிகள்தான் பதில் சொல்லும்.

ஆக்ஸிலைப் பழைய இடத்திலேயே வைப்பதா, முன்னே தள்ளுவதா என்பதையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். பெரிய டயர் போட்டால் திரும்பும்போது மட்கார்டின் பின்பகுதியில் இடிக்கும், சம்பும் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) டிஃபும் கிட்டக் கிட்ட வரும். அதனால் ஒன்றிரண்டு அங்குலம் முன்னே தள்ளுவது வழக்கம். நிறையத் தள்ளினால் டிராக் லிங்க்குக்கும் (ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து நக்கிளுக்குப் போகும் கம்பி) ஸ்டீரிங் பாக்ஸுக்கும் இடம் இல்லாமல் போகும்.

5. பழையதைக் கழற்றுவது

சேசிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் உள்ளே போகக்கூடாது. டார்ஷன் பாரின் இறுக்கத்தை முழுக்கத் தளர்த்தியபின்தான் மற்ற போல்ட்டுகளில் கை வைக்க வேண்டும். முறுக்கேறிய பார் திடீரென விட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர் இணைப்பையும், கம்ப்யூட்டர் உள்ள வண்டியானால் அதன் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். சேசிஸ் ஓரம் ஓடும் டீசல் குழாய், பிரேக் குழாய், வயர் எல்லாவற்றையும் விலக்கிக் கட்டுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பிராக்கெட்டுகளை வெட்டும்போது சேசிஸை ஒட்டி வெட்டாதீர்கள். சில மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தைக் கிரைண்டரால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். சேசிஸ் தகடு மெல்லியது. கட்டர் ஒரு நொடி உள்ளே போனாலும் ஓட்டையை அடைக்கும் வேலை கூடிவிடும்.

6. சேசிஸைப் பலப்படுத்துவது

ஐஎஃப்எஸ்ஸில் சுமை குறுக்குச் சட்டத்தில் பரவலாக இறங்கியது. இப்போது ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளில் மட்டும் இறங்கப் போகிறது. அதனால் அந்த இடங்களில் 5 அல்லது 6 மி.மீ. தகட்டை மேலே சேர்க்க வேண்டும்.

தகட்டின் முனையை நேராக, செங்குத்தாக வெட்டிப் பற்றவைப்பதுதான் அதிகம் காணும் தவறு. சேசிஸுக்குக் குறுக்கே ஒரே நேர்கோட்டில் வெல்டிங் ஓடினால், பிற்பாடு அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். முனையைச் சாய்வாகவோ மீன் வாய் வடிவிலோ வெட்டுங்கள். நடுவில் துளைகள் போட்டு அவற்றையும் நிரப்பிப் பற்றவையுங்கள். ஒரே இழுப்பில் நீளமாக ஓட்டாமல், கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் செய்தால் சூட்டில் சேசிஸ் கோணாது.

முன்னே நிலையான ஹேங்கர், பின்னே சேசிஸைத் துளைத்துப் போகும் குழாயில் ஷேக்கிள் (ஸ்பிரிங் நீளும்போது ஆடிக்கொடுக்கும் இணைப்பு). குழாய் இரண்டு பக்கச் சுவரிலும் பற்றவைக்கப்பட வேண்டும். சேசிஸுக்கு அடியில் வெறும் பிராக்கெட்டாகத் தொங்கவிட்டால் பக்கவாட்டில் ஆடும்.

திறந்த இடத்தில் வேலை என்றால் காற்று மிக் வெல்டிங்கின் கேஸை அடித்துக்கொண்டு போய்விடும், வெல்டிங் பஞ்சாகிவிடும். நம் ஊரில் மாலையில் மழை வேறு. தேய்த்த இரும்புக்கு அன்றே பிரைமர் அடியுங்கள், மறுநாள் துரு பூத்திருக்கும்.

7. ஆக்ஸிலை உட்கார வைப்பது

இந்த வேலையின் நெஞ்சு இதுதான். ஸ்பிரிங்கை மாட்டி, ஆக்ஸிலை அதன் மேல் தளர்வாக வைத்து, வண்டியின் முழு எடையையும் இறக்கிய பிறகே ஸ்பிரிங் பேடின் (ஆக்ஸிலில் ஸ்பிரிங் சேரும் தகட்டின்) கோணத்தை முடிவு செய்ய வேண்டும். ஸ்டாண்டில் தொங்கும்போது பேடைப் பற்றவைத்தால், எடை இறங்கியதும் ஸ்பிரிங் தட்டையாகிக் கோணம் மாறிவிடும்.

காஸ்டர் 3 முதல் 6 டிகிரிக்குள் இருக்கட்டும். அதாவது நக்கிள் திரும்பும் அச்சின் மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். குறைந்தால் ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பாது, வேகத்தில் வண்டி அலையும்.

காஸ்டரும் பினியன் கோணமும் ஒரே இரும்பில் இருப்பதுதான் சிக்கல். காஸ்டரைக் கூட்ட ஆக்ஸிலின் மேல்பகுதியைப் பின்னே சாய்த்தால், பினியன் மூக்கு கீழே இறங்கும், ஷாஃப்ட் ஜாயின்ட்டின் கோணம் மோசமாகும். “அண்ணே, ஷாஃப்ட் நேராக வரட்டும்னு பினியனைத் தூக்கி வச்சேன், இப்போ வண்டி ரோட்டுல நிக்க மாட்டேங்குது” என்று வரும் தம்பிகள் எல்லோரும் செய்தது இதைத்தான். ரோட்டில் ஓடும் வண்டியானால் காஸ்டருக்குத்தான் முதல் உரிமை. முன் ஷாஃப்டை டபுள் கார்டன் ஜாயின்ட் (கூடுதல் கோணம் தாங்கும் இரட்டை ஜாயின்ட்) கொண்டு சமாளிக்கலாம். இரண்டும் ஒத்தே வரவில்லை என்றால், நக்கிள் உருண்டையை ஹவுசிங்கிலிருந்து வெட்டித் திருப்பிப் பற்றவைக்கும் வழி உண்டு. அதற்கு ஜிக் வைத்த பட்டறை வேண்டும், வீட்டு வாசலில் நடக்கிற வேலை இல்லை.

ஒன்றிரண்டு டிகிரி மட்டும் தவறினால், ஸ்பிரிங்குக்கும் பேடுக்கும் நடுவே எஃகு ஆப்பு வைக்கலாம். அலுமினியம் ஆப்பு நசுங்கும்.

ஆக்ஸில் நடுவில் இருக்கிறதா என்பதை டிஃபை வைத்துப் பார்க்காதீர்கள், அது ஒரு பக்கமாகத்தான் இருக்கும். ரிம் உட்காரும் இரண்டு முகங்களிலிருந்து தூக்குக் குண்டை இறக்கி, தரையில் உள்ள பழைய புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். மூலைக்கு மூலை அளவும் ஒத்துவர வேண்டும். எல்லாம் சரியானால் டேக் (சின்னச் சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். முழு வெல்டிங் ஸ்டீரிங்கும் சம்பும் ஒத்துவந்த பிறகுதான்.

8. ஸ்டீரிங்

வலது கை ஸ்டீரிங் வண்டியில் பாக்ஸ் வலப்பக்கம். டிராக் லிங்க் அங்கிருந்து குறுக்கே போய் இடது நக்கிளைப் பிடிப்பதுதான் நல்ல அமைப்பு. எல்என்167இன் சொந்த பாக்ஸையே பயன்படுத்தலாம். நக்கிளின் மேல் போல்ட் போடும் உயர ஆர்ம்கள் வாங்கினால் டிராக் லிங்க்கும் டை ராடும் ஸ்பிரிங்குக்கு மேலே போய்விடும், பாறையில் அடிபடாது.

வண்டி நிற்கும் உயரத்தில் டிராக் லிங்க் முடிந்தவரை படுக்கையாக இருக்க வேண்டும். செங்குத்தாக நின்றால், ஆக்ஸில் மேலே ஏறும்போதெல்லாம் லிங்க் நக்கிளைத் தள்ளும். நீங்கள் திருப்பாமலே வண்டி திரும்பும். பிட்மன் ஆர்மின் (பாக்ஸிலிருந்து டிராக் லிங்க்கை ஆட்டும் கையின்) இறக்கத்தை மாற்றி இதைச் சரிசெய்யலாம்.

இணைக்கும் முன், பாக்ஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றி எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். சக்கரமும் நேராக இருக்கும்போது லிங்க்கை மாட்டுங்கள். இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது, பாக்ஸ் முடிவதற்கு முன் நக்கிளில் உள்ள ஸ்டாப் போல்ட் தடுக்க வேண்டும். இல்லையென்றால் டயர் பாறையில் அடிபடும் ஒவ்வொரு முறையும் அந்த அடி பாக்ஸுக்குள் போகும்.

டை ராடையும் டிராக் லிங்க்கையும் வெட்டி நீட்டி ஒட்டாதீர்கள். தடித்த சீம்லெஸ் குழாயில் லேத்தில் மரை வெட்டிப் புதிதாகச் செய்யுங்கள். பிட்மன் ஆர்மைச் சூடாக்கி வளைக்கும் போமனிடம் (மெக்கானிக்கிடம்) வண்டியை விடாதீர்கள்.

9. பம்ப் ஸ்டாப், சம்ப், அப்சார்பர்

அப்சார்பர் கடைசியில் வாங்க வேண்டிய சாமான். பலர் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

ஒரு பக்கச் சக்கரத்தை ஃபோர்க்லிஃப்டாலோ ஜாக்காலோ முடிந்தவரை மேலே ஏற்றுங்கள். டிஃபுக்கும் சம்புக்கும், டை ராடுக்கும் சம்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மறுபக்கமும் செய்யுங்கள், ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி வைத்தும் செய்யுங்கள். எதுவும் தொடும் முன் நிற்கும்படி பம்ப் ஸ்டாப்பை வைக்க வேண்டும். அப்படி நின்ற நிலையில் அப்சார்பர் இன்னும் கொஞ்சம் உள்ளே போக இடம் இருக்க வேண்டும், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இன்னும் கொஞ்சம் நீள வேண்டும். இந்த இரண்டு அளவோடு கடைக்குப் போங்கள்.

இதெல்லாம் ஒத்துவந்தால் டேக் வைத்ததையெல்லாம் இப்போது முழுக்கப் பற்றவைக்கலாம். யூ போல்ட் புதிதாகத்தான் இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்டதை மறுபடி போடக்கூடாது.

10. முன் ஷாஃப்ட்

வண்டி தன் எடையில் நிற்கும்போது ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்ச் அளந்து, அதே அளவை முழுத் தொங்கலிலும் முழு அழுத்தத்திலும் எடுங்கள். ஷேக்கிள் பின்னால் இருப்பதால், ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்ஸில் பின்னோக்கி நகரும். அப்போது ஷாஃப்ட் சுருங்க இடம் இல்லாவிட்டால் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸை இடிக்கும். தொங்கும்போது ஸ்பிளைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் பல் இணைப்பு) கழன்றுவிடாத அளவுக்கு உள்ளே மிச்சமும் இருக்க வேண்டும். மூன்று அளவையும் ஷாஃப்ட் கடையில் கொடுத்தால் போதும், பேலன்ஸ் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

11. பிரேக்கும் வயரும்

பிரேக் ஹோஸ், சக்கரம் முழுக்கத் தொங்கி முழுக்கத் திரும்பிய நிலையிலும் இழுபடக் கூடாது. இரும்புக் குழாயை நீட்ட வேண்டுமானால் டபுள் ஃபிளேர் போட்ட இணைப்புதான்.

பின்பக்கமும் உயர்த்தியிருப்பீர்கள். பின் ஆக்ஸிலோடு இணைந்த, சுமைக்கு ஏற்ப பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வை மறந்துவிடாதீர்கள். சேசிஸ் உயர்ந்ததும் அது வண்டியில் சுமையே இல்லை என்று நினைத்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் கம்பியை உயரத்துக்கு ஏற்ப மாற்றி வையுங்கள்.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் முன் சக்கர சென்சாருக்குப் பழைய ஆக்ஸிலில் இடம் இல்லை. விளக்கைக் கழற்றி மறைப்பது தீர்வாகாது, பரிசோதனையிலும் நிற்காது. இதையும் முதல் பகுதியிலேயே, அனுமதி கேட்கும்போதே பேசி முடித்திருக்க வேண்டும்.

12. முதல் ஓட்டம்

டோ அளவை வீட்டிலேயே டேப்பால் வைக்கலாம். டயரின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 0 முதல் 3 மி.மீ. வரை குறைவாக இருக்கட்டும். கேம்பரை (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை) திருகிச் சரிசெய்ய சாலிட் ஆக்ஸிலில் வழி கிடையாது. அலைன்மென்ட் கடையில் அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதலில் பட்டறை வளாகத்துக்குள் ஓட்டி, பிரேக்கை நன்றாகச் சோதியுங்கள். பிறகு, அனுமதியும் பரிசோதனையும் முடிந்த வண்டியானால், ரவாங்கிலிருந்து செரண்டா போகும் பழைய ரோடு மாதிரி மெதுவாக ஓட்டக்கூடிய ஒரு ரோடு. காராக் ஹைவேயின் இறக்கத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

குறிப்பிட்ட வேகத்தில் ஒரு குழியில் ஏறியதும் ஸ்டீரிங் கையை உதறித் தள்ளும் அளவுக்கு ஆடினால், உடனே ஸ்டீரிங் டேம்பர் வாங்க ஓடாதீர்கள். டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், காரணம் அப்படியே இருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்: டயர் பேலன்ஸ், டை ராட் முனைகள், டிரன்னியன் பேரிங்கின் இறுக்கம், காஸ்டர்.

முதல் ஓட்டம் முடிந்ததும் யூ போல்ட், ஷேக்கிள், நக்கிள் ஸ்டட், பிட்மன் நட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பிடியுங்கள். முதல் 100 கிலோமீட்டரில் இன்னொரு முறை. புது ஸ்பிரிங் சில வாரத்தில் கொஞ்சம் அமரும். அப்போது காஸ்டரையும் டிராக் லிங்க்கின் கோணத்தையும் மறுபடி அளந்து, முதலில் எழுதிய தாளிலேயே பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் அந்தத் தாளைத்தான் முதலில் தேடுவீர்கள்.